தட்டை யார் எடுப்பது? ஆண் வேலை, பெண் வேலை என்ற பழக்கத்தை வீட்டிலிருந்தே மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவார்கள். தாத்தா அப்படித்தான், அப்பா அப்படித்தான், பத்து வயதில் நானும் அப்படித்தான். அந்தத் தட்டை எடுக்க அம்மாவோ அக்காவோ குனிவார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தினமும் மூன்று வேளை பார்த்ததில் தானாகப் படிந்துவிட்டது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி, வேலைக்கு வருகிறவர் என்றால் இப்படி என்று நம் மனதில் கிடக்கிற எண்ணங்களில் முக்கால்வாசி இந்த மாதிரி தட்டு, டம்ளர், நாற்காலி வழியாக உள்ளே வந்தவைதான். அதனால் மாற்றத்தையும் அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். எட்டு ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் செய்து பார்த்தது, அதில் சறுக்கியது, தெரிந்தவர்கள் வீட்டில் பார்த்தது எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்தால் நல்லது. உங்கள் வீட்டில் எது முதலில் முடியுமோ அதில் கைவைத்தாலும் சரிதான்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

வாக்குவாதத்தில் தொடங்காதீர்கள். "நான்தான் எல்லாம் செய்றேன்", "நானும்தான் செய்றேன்" என்று இரண்டு பேரும் சொல்வதில் ஒரு வேலையும் நகராது. ஒரு நோட்டை அடுப்படியில் வைத்து, யார் எதைச் செய்தார்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலைகளோடு நிறுத்த வேண்டாம். உளுந்து ஊறப்போட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது, சிலிண்டர் எப்போது தீரும் என்று கணக்குப் பார்ப்பது, பெரியவர்களுக்கு சுகர் மாத்திரை தீர்ந்ததா என்று கவனிப்பது, மொய் நோட்டைப் புரட்டி யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று யோசிப்பது, பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு என்ன கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ராத்திரி பத்து மணிக்குப் பார்ப்பது, இவையும் வேலைதான். தலைக்குள் ஓடுகிற இந்த வேலைக்கு லீவே கிடையாது.

நாங்கள் எழுதியபோது என் மனைவியின் பங்கு நாலு பக்கம் வந்தது, என்னுடையது ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதைப் பார்த்த பிறகு நான் வாதாட எதுவும் இல்லை. நாடு முழுக்கவே கணக்கு இப்படித்தான் இருக்கிறது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. 2019 கணக்கெடுப்பில் அப்படி ஏதாவது ஒரு வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

இரண்டாம் படி: "உதவி" என்ற சொல்லை விட்டுவிட்டு வேலையை முழுசாக எடுங்கள்

"நான் அவளுக்கு வீட்டு வேலையில் உதவி செய்வேன்" என்று பெருமையாகச் சொல்கிற ஆண்கள் நிறைய பேர். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். உதவி என்று சொன்னதுமே அது அவள் வேலை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்பது வேலையைப் பகிர்வது ஆகாது, அங்கே யோசிக்கிற பொறுப்பு முழுக்க மனைவியிடமே இருக்கிறது.

அதனால் பிரிக்கும்போது முழு வேலையாகப் பிரியுங்கள். காலைச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்றால் அரிசி, உளுந்து இருக்கிறதா என்று பார்ப்பது, ஊறப்போடுவது, அரைப்பது, மாவு புளித்ததா என்று பார்ப்பது, சட்னிக்குத் தேங்காய் வாங்குவது, ஊற்றுவது, கடைசியில் இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாமே உங்களுடையது. முதல் மூன்று வாரம் சொதப்பும். மாவு நீர்த்துப்போகும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்த மூன்று வாரமும் வீட்டுப் பெண்கள் குறுக்கே வராமல் இருப்பதுதான் கஷ்டம், ஆனால் அது ரொம்ப முக்கியம். "தள்ளுங்க, நானே செஞ்சிடுறேன், சீக்கிரம் முடியும்" என்று கரண்டியைப் பிடுங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்று, கணவனின் அம்மாவிடம் பேச வேண்டியது கணவன்தான், மருமகள் கிடையாது. நான் காலையில் தோசை ஊற்றத் தொடங்கியபோது ஊரிலிருந்து வந்த அம்மா, "ஆம்பளப் புள்ளைய அடுப்படியில நிக்க வச்சிட்டாளே" என்று வருத்தப்பட்டார். மனைவி எதுவும் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. "அவ சொல்லலம்மா, நானாத்தான் செய்றேன். நீ உக்காரு, உனக்கும் ரெண்டு ஊத்துறேன்" என்றேன். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள், "முறுகலா ஒண்ணு போடு" என்றார்.

மூன்றாம் படி: எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள்

பல வீடுகளில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். மீன் குழம்பு என்றால் நடுத்துண்டு ஆண்களுக்கு, வாலும் தலையும் அவர்களுக்கு, சில நாள் வெறும் குழம்பு மட்டும். வழி சுலபமானது. சமைத்த பாத்திரங்களை நடுவில் வையுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சாப்பிட்ட தட்டை அவரவர் எடுத்துக் கழுவட்டும், விருந்தாளிகள் வந்திருக்கும்போதும் இதை விடாதீர்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆறு வயதுப் பையன் தன் தட்டைத் தானே கழுவி வளர்ந்தான் என்றால், பதினாறு வயதில் அவனிடம் சமத்துவம் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

நான்காம் படி: வாயில் வருகிற சொற்களைக் கவனியுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நாள் நின்றேன், இன்னும் முடியவில்லை.

தமிழில் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே ஒருவருக்கு நாம் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். "டாக்டர் வந்தார்" என்போம், வீட்டு வேலை செய்கிற அக்கா "வந்தாள்" என்போம். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆனால் வீட்டுச் சின்னப் பிள்ளை கூட அவரைப் பேர் சொல்லி வா, போ என்று கூப்பிடும். அப்பா "சொன்னார்", அம்மா "சொன்னாள்" என்று எழுதுவதில் நமக்கு உறுத்தலே இருப்பதில்லை. பாசத்தில் ஒருமையில் பேசுவதை நான் சொல்லவில்லை, என் அம்மாவை நானும் நீ என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் யாரைப் பற்றிப் பேசும்போது அந்த "ஆர்" நம் வாயில் வரவே மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். துப்புரவு வேலை செய்கிறவர், காய்கறி விற்கிற பாட்டி, கட்டட வேலைக்கு வந்தவர், திருநங்கைகள் என்று ஒரு பட்டியலே கிடைக்கும். மறுநாளிலிருந்து இவர்களை எல்லாம் அக்கா, அண்ணன், அம்மா, வாங்க, சொல்லுங்க என்று பேசுங்கள். பிள்ளைகள் காதில் விழும்படி பேசுங்கள். நாம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து பழஞ்சொற்கள். "பொம்பள மாதிரி அழாதே", "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்", "வாழாவெட்டி", "ஆம்பள இல்லாத வீடு". கற்பழிப்பு என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, அழிந்தது அவளுடைய கற்பு என்று பாதிக்கப்பட்டவர் மேலேயே கறையைத் தூக்கிப் போடுகிற சொல் அது. பாலியல் வன்கொடுமை என்று சொன்னால் குற்றத்துக்கு அதன் பெயர் கிடைக்கிறது. "ஈவ் டீசிங்" என்ற சொல்லும் அப்படித்தான், ஏதோ விளையாட்டு மாதிரி ஒலிக்கிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆண்கள் கும்பலின் சீண்டலில் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்துக்கே முதலில் அந்தச் சொல்தான் பெயராக இருந்தது, பின்னர் 2002-ல் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி சொற்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. "கற்புள்ள பெண்" என்று எழுதாதே, "பெண்" என்று எழுது என்கிற அளவுக்கு அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். நீதிபதிகளே சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் நாமும் கொஞ்சம் மெனக்கெடலாம்.

சொந்தக்காரர்கள் கூட்டத்தில் யாராவது இப்படிப் பேசினால் உரை நிகழ்த்த வேண்டாம். "ஏன் மாமா, அழுதா என்ன?" என்று மெதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரும்.

ஐந்தாம் படி: பிள்ளைகளுக்குக் கையில் கொடுங்கள்

என் சொந்த மாவட்டம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய பின்பலமாக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள், பாதிப் பேர் வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்து வந்தவர்கள், புடவையைச் செருகிக்கொண்டு ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள், முன்னால் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே வசதியாகவும் இருந்தது. என் அம்மாவும் அப்படிக் கற்றவர்தான். இருட்டிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். விழுந்து முழங்கை தேய்ந்தது, தெருவில் கேலி செய்தார்கள். அடுத்த மாதம் அம்மா தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார், அதற்குப் பிறகு பஸ்ஸுக்காகவோ அப்பாவுக்காகவோ காத்து நின்று நான் பார்த்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மகளிடம் "உன்னால் எல்லாம் முடியும்" என்று நூறு தடவை சொல்வதை விட வண்டிச் சாவியைக் கொடுப்பது பலன் தரும். உரிய வயது வந்ததும் லைசென்ஸ் எடுக்க வையுங்கள். பல்பு மாற்றுவது, பஞ்சரான டயரைக் கழற்றுவது, பேங்க் செலான் நிரப்புவது, தனியாக ஊருக்குப் போய்வருவது எல்லாம் பழகட்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆகிவிட்டார் என்பதைப் பையனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையனுக்குக் கொடுக்க வேண்டியது வேறு. அவனுக்குச் சோறு வடிக்க, துணி துவைக்க, தங்கைக்குத் தலைவாரிவிடத் தெரிய வேண்டும். அழுகை வந்தால் அழலாம் என்று தெரிய வேண்டும். மாதவிடாய் என்றால் என்ன என்பதும் தெரிய வேண்டும். கடையில் நாப்கினைக் கருப்புப் பையிலும் செய்தித்தாளிலும் சுற்றித் தரும்போது "சும்மாவே குடுங்கண்ணே" என்று வாங்கி வரட்டும். "தூரம்" என்று சொல்லி மூலையில் தனிப்பாயும் தனித்தட்டும் போடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதைப் பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பிறகு நிறுத்துவது இன்னும் கடினம்.

ஆறாம் படி: சொத்து

அடுப்படியில் சமத்துவம் பேசிவிட்டுப் பத்திரம் எழுதும்போது அமைதியாக இருந்துவிடுகிற இடம் இது. அண்ணன் தம்பிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருடம் ஆனது. 1989-ல், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான மாநிலத் திருத்தத்தின்படி, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகியிராத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது, திருமணம் ஆனவரா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு, அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்துவிட்டால், மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. இது இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். மற்ற மதத்தவருக்கு விதிகள் வேறு என்பதால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இப்படி இருக்க, வீட்டில் நடப்பது வேறு. காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள், மகள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒரு விடுதலைப் பத்திரத்தை எடுத்து வருவார்கள். "உனக்குத்தான் நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பொறந்த வீடு வேணும்ல?" என்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அண்ணன் உறவு போய்விடும் என்ற பயத்தில் அவர் போட்டுவிடுவார். எங்கள் வீட்டிலும் அக்கா போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து அவள் பங்கு நிலத்தை அவள் பேருக்கே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன், குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அக்கா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இது அப்பா குடுத்ததா நெனச்சுக்கிறேன் தம்பி" என்றாள். அந்த மூன்று வருடத்தை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது திருமணமான சகோதரிகள் பெயரையும் விடாமல் எழுதுங்கள். விடுதலைப் பத்திரம் என்ற பேச்சு வந்தால், "எங்க அக்கா பங்கு அக்காவுக்குத்தான்" என்று சபையில் முதலில் சொல்ல வேண்டியவர் தம்பிதான். அக்கா வாயால் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். நீங்கள் பெற்றோராக இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

மனைவி வேலைக்குப் போகவில்லை, அதனால் வீடு என் சம்பாத்தியம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் ஒருவரின் வழக்கில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து வாங்கியதில் பங்களித்திருக்கிறது, அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்து இடமோ வீடோ வாங்கும்போது இரண்டு பேர் பேரிலும் பதிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: விசேஷ வீட்டில்

கணவரை இழந்த பெண்களை நல்ல காரியத்தில் ஓரமாக நிற்க வைப்பது இன்னும் போகவில்லை. அப்பா போன பிறகு அக்கா மகளின் சடங்கில் என் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே ஒதுங்கினார், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அடுத்த விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே அக்காவும் நானும் பேசி வைத்தோம். சம்பந்தி வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம், மேடையில் வைத்து வாக்குவாதம் வரக் கூடாது என்பதற்காக. மஞ்சள், குங்குமம் முதலில் அம்மா கையால் என்று முடிவு செய்தோம். அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நாள் ஆனது. நீங்கள் செய்யும்போதும் அவரை அவசரப்படுத்தாதீர்கள், இத்தனை காலம் பழகியதை ஒரே நாளில் உதற அவரால் முடியாமல் போகலாம். கோயிலுக்கு வரக் கூடாது என்று யாராவது தடுத்தால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. ஈரோடு மாவட்டத்துப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது.

அழைப்பிதழில் அம்மா பெயரும் வரட்டும். சாதிப் பட்டம் வேண்டாம். சடங்கு, தாலி எதுவும் வேண்டாம் என்று ஒரு ஜோடி முடிவு செய்தால், 1967-ல் சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தின்படி சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் செல்லும்.

எட்டாம் படி: அந்தத் தனி டம்ளர்

வேலைக்கு வருகிறவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகப் பாத்ரூம் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். "சுத்தம்" என்று காரணம் சொல்லாதீர்கள், அந்தச் சுத்தத்தைச் செய்து தருகிறவரே அவர்தான். அவர் தரையில் உட்கார்ந்து டீ குடித்தால் நாற்காலியைக் காட்டுங்கள். தயங்கினால் நீங்களும் கீழே உட்காருங்கள். மாதம் நாலு நாள் லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், இதெல்லாம் உபகாரம் என்ற நினைப்பையும் விட வேண்டும்.

வீடு வாடகைக்கு விடுபவர் என்றால், "நீங்க என்ன ஆளுங்க?", "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?", "தனியா இருக்கிற பொண்ணா?" என்ற கேள்விகளை எடுத்துவிடுங்கள். வாடகை கட்ட முடியுமா என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. புரோக்கரிடமும் அதையே சொல்லி வையுங்கள்.

எதிர்ப்பு வரும்போது

வரும். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் களைத்துப்போவீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று என்று எடுங்கள். வீட்டில் உங்கள் பக்கம் ஒரே ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு சித்தியாகவோ பாட்டியாகவோ இருக்கும்.

இதைப் படிக்கிற பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தட்டைப் பற்றிப் பேசினாலே கை ஓங்குகிற வீடு என்றால் இந்தப் படிகள் எதையும் தனியாகத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கணவர் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கிற உரிமையும் பாதுகாப்பு ஆணையும் கேட்க முடியும், அதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், பேங்க் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

மற்றவர்கள் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். தட்டில் கை கழுவாமல் எழுந்து, அதை நீங்களே கொண்டுபோய்க் கழுவுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால், "நான் சாப்பிட்ட தட்டுதானே" என்று சொல்லுங்கள்.